திருமணமும் குடும்ப நெறியும்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பது நம் நாட்டு வழக்கு. அந்தப் பயிரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்துதான் நட வேண்டுமா, இரு ஆண்களோ இரு பெண்களோ நட்டாலும் அதனைப் பயிர் என ஒப்புக்கொள்ளலாமா என்பது இன்று உலகெங்கும் நடைபெறும் விவாதம். நெதர்லாந்து 2001-இல் முதன்முதலாக ‘ஒப்பலாம்’ என்றது. அயர்லாந்து 2015-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி மக்களிடமே விடை கேட்டது. மக்களும் ‘ஆம்’ என்றனர். ஆசியாவில் தைவான் 2019-இலும் தாய்லாந்து 2025-இலும் இதற்கான சட்டத்தை நடைமுறைப்படுத்தின. நம் நாட்டின் விடை 2023 அக்டோபர் 17-ஆம் நாள் உச்சநீதிமன்றத்திலிருந்து வந்தது. இப்பொருளைக் கல்லூரி மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று நண்பர் சிலர் கேட்டனர். நாட்டின் தலைமை நீதிமன்றம் பத்து நாள்கள் அமர்ந்து கேட்ட பொருளை, கற்க வந்த நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் தீர்ப்பைக் காண்போம். ஒரே பாலினத்தார் இருவர் கொள்ளும் உறவைக் குற்றம் என்றது ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கூறியது. குற்றம் இல்லையென்றால் திருமணமாகப் பதியலாமா என்பது அடுத்து எழுந்த கேள்வி. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று பலர் வழக்குத் தொடுத்தனர். தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் அமர்வு விசாரித்தது. திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை ஆகாது, சட்டத்தைத் திருத்தி எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். திருமணம் என்ற பெயரில்லாத இணைவு ஒன்றையாவது அரசு ஏற்க வேண்டும் என்று இருவர் கருதினர், மூவர் மறுத்தனர். மறுசீராய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

நீதிபதிகள் காட்டிய தடை வெறும் சாக்கு என்று நான் எண்ணவில்லை. அச்சட்டம் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று மணவயது வகுக்கிறது. மணவிலக்குக் கோரும் காரணங்களுள் சிலவற்றை மனைவிக்கு மட்டும் தருகிறது, வாழ்க்கைப்படியும் மனைவிக்கே. ஒரு சொல்லை மாற்றினால் அதனோடு பிணைந்த பத்துச் சட்டங்கள் ஆட்டங்காணும். பெண்கள் அரும்பாடுபட்டுப் பெற்ற பாதுகாப்பு தளர்ந்துவிடக்கூடாது என்னும் அச்சம் நியாயமானதே.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே ஒலிக்கும் எதிர்ப்பு இந்த வகையைச் சேர்ந்ததன்று. ‘இது இயற்கைக்கு மாறு, மகப்பேற்றுக்கு வழியில்லை, குடும்பம் குலைந்துவிடும், இது நகரத்து மேட்டுக்குடியினரின் மோகம்’ என்பனவே அங்குக் கேட்கும் குரல்கள்.

இயற்கை பற்றி விலங்கியல் மாணவன் ஒரு சொல் சொல்லலாம். ஒரே பாலின உயிர்கள் இணைசேர்தலைப் பறவைகளிலும் பாலூட்டிகளிலும் ஆய்வாளர்கள் பல இனங்களில் பதிவு செய்துள்ளனர். ஆயினும் அதனைக் காட்டி வாதாட நான் விரும்பவில்லை. எந்த விலங்கும் பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்வதில்லை. திருமணம் மனிதன் வகுத்த ஏற்பாடு. மகப்பேறு பற்றிய வாதமும் அப்படியே. அறுபது வயதில் மணம் செய்துகொள்வோரைச் சட்டம் தடுப்பதில்லை. பிள்ளையில்லாதவர் மணத்தைச் செல்லாது என்பதுமில்லை.

குடும்பம் குலையும் என்பதே ஆழ்ந்து நோக்க வேண்டிய வாதம். மணச்சடங்கு எப்படித் தோன்றியது என்பதற்குத் தொல்காப்பியம் கற்பியலில் ஒரு காரணம் கூறுகிறது. காதலித்தவன் பொய் கூறிக் கைவிடும் நிலை தோன்றிய பின்னரே சான்றோர் கரணம் வகுத்தனர் என்பது அதன் கருத்து. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வைக்கும் ஏற்பாடாகவே சடங்கு வந்தது என்று நம் பழைய இலக்கணமே கருதியிருப்பது எனக்கு வியப்பளித்தது.

அந்தச் சடங்கும் மாறாமல் இருந்ததில்லை. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரான சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, தீவலம் இல்லை. பின்னர் ஊர்தோறும் அவ்வகை மணங்கள் நடந்தன. தீயை வலம்வராதவள் மனைவியாவாளா என்று ஊரார் நகைத்தனர். நகைப்போடு நிற்கவில்லை. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றமே இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்றது. வழக்கம் என்றால் அது தொன்மையானதாக இருக்க வேண்டும், இதுவோ புதியது என்பது நீதிமன்றத்தின் நோக்கு. இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், சட்டத்தின் கண்ணில் எவருக்கும் மனைவியாகாமல் நின்றிருப்பாள். கணவனின் பங்காளிகள் நிலத்துக்கு வந்து நின்றால் அவள் காட்டக்கூடிய சான்று என்ன?

1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார் நண்பர் முன்னிலையில், புரியும் மொழியில், ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று கூறினாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும் என்றது அச்சட்டம். முன்பே நடந்த மணங்களையும் செல்லும் என்று ஆக்கியதுதான் அதன் பெருமை. 1928-க்கும் 1967-க்கும் இடையே 39 ஆண்டுகள். நீதிமன்றம் ‘இல்லை’ என்றது. சட்டமன்றம் ‘உண்டு’ என்றது. குடும்பம் குலைந்ததா? அவ்வாறு மணந்தோரின் பேரன் பேத்திகள் இன்று நம்மோடு வகுப்பில் அமர்ந்திருக்கலாம். நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். அங்கே மாறியது சடங்கு; இங்கே மாறக் கோருவது மணமக்கள் யார் என்பதையே. இது பெரிய படி. எனினும், ஏற்கும் வரை காத்திருக்கும் காலத்தில் மனிதர் படும் இழப்பு இரண்டிலும் ஒன்றேதான்.

இனி, நகரத்து மேட்டுக்குடியினரின் கருத்து என்னும் வாதம். 2023-இல் நடுவண் அரசே தன் பிரமாணப் பத்திரத்தில் இவ்வாறு கூறியது. தலைமை நீதிபதி தம் தீர்ப்பில் அதனை மறுத்தார். நம் மாநிலத்து வழக்குகளைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் மணந்துகொண்டனர், பதிவு மறுக்கப்பட்டது. ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2021-இல் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகிய இரு பெண்கள் மதுரையிலிருந்து சென்றவர்கள். அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் முழுதும் உணரவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்து தீர்ப்பெழுதினார். கற்றவர் மீண்டும் மாணவராவது எளிதன்று. 2025 மே மாதம் வந்த வழக்கோ வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவற்றில் மேட்டுக்குடி எங்கே இருக்கிறது?

அந்த வேலூர் வழக்கில், 25 வயதுப் பெண்ணை அவள் வீட்டாரே அடைத்து வைத்திருந்தனர். அவளுடைய தோழி ஆட்கொணர்வு மனுத் தொடுத்தாள். மகளைத் தோழி கெடுத்துவிட்டாள் என்று தாய் நீதிமன்றத்தில் முறையிட்டார். அந்தத் தாயை இழித்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் என்ன சொல்லும், அடுத்த பெண்ணுக்கு வரன் வருமா என்ற கவலைகளுக்கு நடுவே வாழ்பவர் அவர். நம் வீடுகளிலும் அதே அச்சம்தான் ஆட்சி செய்கிறது. ஆனால் அச்சத்துக்கு மருந்தாக, விருப்பமில்லாத மகனையோ மகளையோ மணமேடையில் அமர்த்தி விடுகிறோமே, மறுபக்கம் அமரும் ஒன்றுமறியாத பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை? ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்க இன்னொரு குடும்பத்தை ஏமாற்றுவதைக் குடும்ப நெறி என்று அழைக்க என்னால் இயலவில்லை. எதிர்ப்பாளருக்கு நான் கூறும் விடைகளுள் இதனையே வலியதாகக் கருதுகிறேன்.

நீதிபதிகள் அப்பெண்ணை அவள் விரும்பிய இடத்துக்குச் செல்ல விடுத்தனர். தன்பாலினத் திருமணம் சட்டத்தில் இல்லாவிடினும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியாகாது என்றும் கூறினர்.

குடும்பம் என்றால் அன்றாட வாழ்வில் என்ன பொருள்? அறுவை மருத்துவத்துக்கு முன் கையொப்பமிடுபவர் குடும்பம். வங்கிக் கணக்கில் வாரிசாகப் பெயர் எழுதப்படுபவர் குடும்பம். இறந்தால் உடலைப் பெற்றுக்கொள்பவர் குடும்பம். இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்து, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் வெளியே நிற்க, பத்தாண்டுகளாக வாசற்படி மிதிக்காத பங்காளி உள்ளே அழைக்கப்படுவது உலகில் நடக்கக்கூடியதே. 2023 தீர்ப்புக்குப் பின் அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2024-இல் நடுவண் அரசின் துறைகள் சில அறிவிப்புகள் செய்தன: கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் துணைவரை வாரிசாக நியமிக்கவும் தடையில்லை, குடும்ப அட்டைக்கு இருவரையும் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெறலாம். இவை சட்டமல்ல, துறைக் கடிதங்கள். கடிதம் கடைசி ஊரின் நியாயவிலைக் கடைக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்பதை நாம் அறிவோம்.

2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் நம் மாநில அரசுக்கு ஒரு யோசனை கூறினார். திருமணம் என்று பெயரிடாமல், இருவர் தங்களைக் குடும்பமாக அறிவித்துக்கொள்ளும் ஆவணம் ஒன்றைப் பதிவு செய்ய வழி செய்யலாம் என்பதே அது. திருமணச் சட்டங்களைத் தொடாததால், மேலே சொன்ன பத்துச் சட்டச் சிக்கல் இதில் இல்லை. உரிமைகளும் திருமணம் தருவதைவிடக் குறைவு. முழு உணவு கேட்டவர்க்கு அரை வயிற்றுக் கஞ்சி என்று சிலர் குறை கூறலாம். எனினும் மருத்துவமனை வாயிலில் நிற்பவர் கையில் காட்ட ஒரு தாளாவது இருக்கும். 7-அ பிரிவுக்கு முன்பு வாழ்ந்த அந்தத் தாய்மார் கையில் அதுவும் இல்லை.