பூட்லோடர் அணைக்காமல் விட்ட மின்சாரம்

லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதுபவர்கள் ரெஜிஸ்டர், இன்டரப்ட், கடிகாரம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பிறகே மின்சாரத்தின் பக்கம் திரும்புகிறார்கள். சிலர் திரும்புவதே இல்லை. சிப் பதில் சொல்கிறது, ஐடி ரெஜிஸ்டரைப் படித்தால் சரியான எண் வருகிறது. பிறகு ரெகுலேட்டருக்கு எதற்கு வரிகள் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்தச் சிப்புக்கு மின்சாரம் கொடுத்தது பெரும்பாலும் டிரைவர் அல்ல. அதற்கு முன்பே ஓடி முடித்த பூட்லோடரோ, பவர் சிப்பின் தொடக்க அமைப்போதான். காலி செய்துபோன குடித்தனக்காரர் அணைக்காமல் விட்ட விளக்கை நம்பி யாரும் குடியேறுவதில்லை. டிரைவர் மட்டும் அதைத்தான் செய்கிறது. இத்தனை டிரைவர்களை எழுதியும் திருத்தியும் நான் பிடித்துக்கொண்ட விதி இது: புரோப் தொடங்கும் நொடியில் சிப்புக்கு ஒரு மில்லிவோல்ட்கூட வரவில்லை என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

இதற்கு வலுவான சான்று கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. லியாம் கேர்ட்வுட்டும் மார்க் பிரவுனும் உருவாக்கிய ரெகுலேட்டர் கட்டமைப்பு 2008இல் 2.6.27 பதிப்பில் கெர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு ரெகுலேட்டரையும் எத்தனை பேர் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள் என்று அது எண்ணி வைத்துக்கொள்கிறது. பூட் முடியும் தறுவாயில் ஒரு துப்புரவு வேலையைக் குறித்துவைத்து, 30 விநாடி கழித்து அதை ஓட்டுகிறது. அப்போது ஆனில் இருந்தும் யாரும் கேட்காத ரெகுலேட்டர்களை, அணைக்க அனுமதி இருந்தால், அணைத்துவிடுகிறது. டிரைவர்கள் யூசர்ஸ்பேஸிலிருந்து மெதுவாக ஏறலாம் என்பதற்காக வைத்த தோராயமான அவகாசம்தான் அந்த 30 விநாடி. ஆகவே, பூட் ஆனதும் நன்றாக வேலைசெய்து, அரை நிமிடத்தில் ஒரு சாதனம் செத்துப்போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவர் கேட்காமல் விட்ட சப்ளையைத்தான். கெர்னலோடு சேர்த்துக் கட்டினால் ஓடி, மாட்யூலாகத் தாமதமாக ஏற்றினால் ஓடாத டிரைவருக்கும் பல நேரம் இதே நோய்தான்.

டிவைஸ் ட்ரீயில் ஆல்வேஸ்-ஆன் என்று ஒரு வரி போட்டால் தீர்ந்ததே என்பார்கள். பிராசஸர் கோருக்கும் நினைவகத்துக்கும் போகும் சப்ளைகளுக்கு அது சரியான வரிதான். சென்சாருக்கோ கேமராவுக்கோ போட்டால் பேட்டரி வீணாகிறது என்பது சின்ன இழப்பு. சிப் தொங்கிப்போனால் மின்சாரத்தை அறுத்து மீட்கும் ஒரே வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம் என்பதே பெரிய இழப்பு. பூட்-ஆன் என்ற வரியை இதற்கு மாற்றாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. தொடக்கத்தில் அது ஆனில் இருந்தது என்று மட்டுமே அந்த வரி சொல்கிறது. யார் பேரிலும் கணக்கு ஏற்றுவதில்லை. 30 விநாடித் துப்புரவு அதை விட்டுவைக்காது.

இன்னொரு எதிர்வாதத்தில் நியாயம் கூடுதல்: "என் போர்டில் ரெகுலேட்டரே இல்லை, நேரடி இணைப்பு, இல்லாததை டிரைவர் ஏன் கேட்க வேண்டும்?" டிரைவர் எழுதப்படுவது சிப்புக்காக, ஒரு போர்டுக்காக அல்ல. சிப்பில் மின்சாரக் கால் இருக்கிறது, அதனால் கேட்க வேண்டும். டிவைஸ் ட்ரீயில் அந்தச் சப்ளை குறிக்கப்படவில்லை என்றால் கெர்னல் ஒரு டம்மி ரெகுலேட்டரைத் தந்துவிட்டு லாகில் ஒரு வரி எழுதும். டிரைவர் வழக்கம்போல ஓடும். அந்த ஒரு வரி உறுத்துகிறது என்று ஆப்ஷனல் வகை அழைப்புக்கு மாறுகிறார்களே, அங்கேதான் எனக்கு வருத்தம். சில ஏடிசி சிப்புகளில் வெளி ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் இல்லாவிட்டால் உள் ரெஃபரன்ஸ் போதும். அப்படி உண்மையிலேயே இணைக்காமல் விடக்கூடிய சப்ளைக்கு மட்டுமே அந்த அழைப்பு. அங்கேயும் 'இல்லை' என்று பொருள்படும் பிழை எண் ஒன்றுதான், இநோடெவ். மற்ற எல்லாப் பிழைகளையும் அப்படியே மேலே திருப்பி அனுப்ப வேண்டும். குறிப்பாக, ஐ2சி பஸ்ஸில் இருக்கும் பவர் சிப் இன்னும் எழுந்திருக்கவில்லை, பிறகு வா என்று சொல்லும் புரோப்-டிஃபரை 'சப்ளை இல்லை' என்று விழுங்கிவிட்டால், ஒரு பூட்டில் ஓடி மறு பூட்டில் ஓடாத டிரைவர்தான் மிஞ்சும்.

கேட்டுப் பெற்று ஆன் செய்தாலும் வேலை முடியவில்லை. டிவைஸ் ட்ரீயில் ரேம்ப் நேரமும் தொடக்கத் தாமதமும் சரியாக எழுதப்பட்டிருந்தால், மின்னழுத்தம் ஏறும்வரை கட்டமைப்பே காத்திருக்கும். மைக்ரோ விநாடிக்கு 12,500 மைக்ரோவோல்ட் ஏறும் ரெகுலேட்டர் 0.9 வோல்ட்டிலிருந்து 1.1 வோல்ட்டுக்குப் போக 16 மைக்ரோ விநாடி. அதற்குப் பிறகு சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு முதல் கட்டளைக்குத் தயாராகும் நேரம் ரெகுலேட்டருக்குத் தெரியாது. அது டேட்டாஷீட்டில் இருக்கிறது. டிரைவர்தான் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே மின்சாரம் இருந்த போர்டில் இந்தக் காத்திருப்பு இல்லாமலும் எல்லாம் ஓடும், அதனால் குறை வெளியே தெரியாது. பல சப்ளைகளை ஒன்றாக ஆன் செய்யும் பல்க் அழைப்பு அவற்றை இணையாக ஏற்றிவிடுகிறது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவும். டேட்டாஷீட் வரிசை சொன்னால் பல்க் அழைப்பைத் தொடாமல் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மின்னழுத்தத்தின் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலான டிரைவர்களின் வேலையே அல்ல. மின்னழுத்தம் நிலையாக இருக்கும் சாதனங்களுக்கு டிவைஸ் ட்ரீயில் உள்ள மேல்வரம்பும் கீழ்வரம்பும் போதும். எஸ்டி கார்டு 3.3 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டுக்கு மாறுவதுபோல, ஓடும்போதே மாற்ற வேண்டியவர்கள் மட்டும் கேட்கட்டும். அப்போதும் ஒற்றை எண்ணாக அல்லாமல் சிப் தாங்கும் வீச்சாகக் கேட்பது நல்லது, ஏனெனில் ரெகுலேட்டர்கள் படிப்படியாகவே மாறும்.

அணைக்கும் வழியிலும் கண் வேண்டும். டெவ்-எம் வகை அழைப்பு ரெகுலேட்டரின் பிடியை மட்டும் விடும்; நீங்கள் ஆன் செய்ததை ஆஃப் செய்யாது. ரிமூவில் கையால் அணைத்தாலோ, டெவ்-எம் மூலம் பதிந்த இன்டரப்ட் அதற்குப் பிறகுதான் விடுபடும்; இடையில் ஒரு இன்டரப்ட் வந்தால் மின்சாரமற்ற சிப்பின் ரெஜிஸ்டரைப் படிக்க நேரும். பெறுவதையும் ஆன் செய்வதையும் அணைப்பதையும் ஒன்றாக்கிய அழைப்பு 6.1 பதிப்பில் வந்தது. அது பிடி எதையும் திருப்பித் தராததால், ஓடும்போது அணைத்து ஏற்றும் டிரைவருக்கு உதவாது. பிடியை நீங்களே வைத்துக்கொண்டு, அணைக்கும் செயலை டெவ்-எம் வரிசையில் பதிந்துவிட வேண்டும். எல்லாம் எழுதிய பிறகு டிபக்எஃப்எஸ்ஸில் ரெகுலேட்டர் சம்மரியைத் திறந்து, உங்கள் சாதனத்தின் பெயர் தன் சப்ளைக்குக் கீழே வருகிறதா, அதே சப்ளையை வேறு யாரும் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கவும். வேறு யாரும் இல்லையென்றால் சிஸ்எஃப்எஸ் வழியாக டிரைவரைக் கழற்றி, மல்டிமீட்டரில் மின்னழுத்தம் விழுந்ததை உறுதிசெய்துகொண்டு, திரும்ப மாட்டுங்கள். வேறு யாராவது பிடித்திருந்தால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அவர்களையும் கழற்றிவிட்டே செய்ய வேண்டும்.