பட்டம் கட்டாமல் பார்த்தல்

எங்கள் கண்மாய்க்குப் பறவை பார்க்கப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இது. முப்பது வருஷமாக இந்தக் கரையில் நடக்கிறேன். யாருக்கும் பட்டம் கட்டாமல் பார்க்க இங்கேதான் கற்றேன், அதுவும் தாமதமாக. நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்.

1. நோட்டில் பறவை செய்ததை மட்டும் எழுதுங்கள். ‘சோம்பேறி’ என்று எழுதாதீர்கள். ‘மடைக்கல் மேல் நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றது’ என்று எழுதுங்கள். ‘திருட்டுக் காக்கா’ வேண்டாம்; ‘நாரைக் கூட்டிலிருந்து ஒரு முட்டையைத் தூக்கிப் போனது’ போதும். பட்டத்தை எழுதி முடித்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

2. மடையானை நம் ஊர்களில் குருட்டுக் கொக்கு என்பார்கள். கிட்டத்தட்ட மிதிக்கிற தூரம் போகும்வரை எழும்பாது. அதனால் கண் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதன் முதுகு சேற்று நிறம். அசையாமல் நின்றால் சேற்றோடு சேறாகிவிடும். அதுதான் அதன் காவல். பறக்கும்போதுதான் இறக்கையின் வெள்ளை தெரியும். அது மீனைக் கொத்தும் வேகத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறுபடி சொல்ல மாட்டார்கள்.

3. நத்தைகுத்தி நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாது. முதன்முதலில் பார்ப்பவர்கள் ‘ஐயோ பாவம், ஊனம்’ என்கிறார்கள். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளர வருவது. அந்த அலகோடுதான் அது காலம் முழுக்க நத்தை தின்று வாழ்கிறது. பரிதாபமும் ஒரு தீர்ப்புதான் பிள்ளைகளே.

4. தங்களையே திட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் தூக்கணாங்குருவியிடம் போங்கள். கிணற்றின் மேல் சாய்ந்த மரத்தில் முழுக் கூடுகளுக்கு நடுவே பாதியில் நின்றுபோன கூடுகள் தொங்கும். கூடு பின்னுவது ஆண்குருவி. நெல் தாளையும் ஓலையையும் கீறிக் கீறிக் கொண்டுவந்து பின்னும். கவிழ்த்த தொப்பி மாதிரிப் பாதி ஆனதும் பெண்குருவிகள் வந்து பார்க்கும். ஒன்றுக்குப் பிடித்தால்தான் ஆண் வாசல் குழாயைப் பின்னி முடிக்கும். பிடிக்காவிட்டால் அது அப்படியே தொங்க, ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கும். இளங்குருவிகளின் முதல் கூடுகள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். நின்றுபோன கூட்டடியில் ஒரு குருவி ஓய்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

இதையே பம்பாய்க்குப் பக்கத்தில் கிஹிம் கிராமத்தில் உட்கார்ந்து 1930இல் கவனித்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. ஜெர்மனியில் படித்துவிட்டுத் திரும்பியவருக்கு அப்போது வேலை இல்லை. அவர் இருந்த பதவியையே பணமில்லை என்று எடுத்துவிட்டிருந்தார்கள். ஊர் அவரை என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஆண்குருவி ஒரு பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடு கட்டிப் பல இணைகளைச் சேர்க்கிறது என்பதை அந்த வேலையில்லாத நாட்களில்தான் கண்டுசொன்னார்.

5. ஒன்றும் வராத நாளில் ‘வீண்’ என்று எழுதாதீர்கள். எத்தனை மணி இருந்தீர்கள், தண்ணீர் எந்தப் படி வரை, காற்று எந்தப் பக்கம். இவ்வளவு எழுதலாம்.

6. இதை மனிதர்களிடம் கொண்டுபோக எனக்கு வெகுகாலம் ஆனது. நிலத்தகராறில் என் தம்பியோடு ஆறு வருஷம் பேச்சில்லை. ‘சுயநலக்காரன்’ என்று அவனுக்கு நான் பட்டம் கட்டியிருந்தேன். ஒருநாள் கரையில் உட்கார்ந்து, பறவைக்கு எழுதுவது போல அவன் செய்ததை எழுதினேன். வரப்பை ஒன்றரை அடி தள்ளிப் போட்டான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு ராத்திரி கூட இருந்தான். அடுத்து என் வரியை எழுத வேண்டியிருந்தது: நான்கு ராத்திரி. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். வரப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச முடிகிறது.

7. பட்டம் கட்டாதே என்றால் கண்டும் காணாமல் இரு என்று அர்த்தமில்லை. கண்மாயில் கொக்குக்குச் சுருக்கு வைத்திருந்தால் எடுத்துப் போடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்று அதன் பிறகு கேளுங்கள். செயலை அந்த இடத்திலேயே தடுக்கலாம். ஆளைப் பற்றி முடிவுக்கு வர அவசரம் வேண்டாம்.

8. காலை ஐந்தரைக்கு மடைக்குப் பக்கத்தில் வந்துவிடுங்கள். நோட்டும் பென்சிலும் எடுத்து வாருங்கள். பேனா வேண்டாம், பனியில் மை ஊறிவிடும்.