லாரி பேக்கர் கண்ட இல்லம்

அழகிய மாளிகையைக் கண்டு வியவாதார் இலர். ஆயின், அவ்வழகில் ஒரு பகுதியேனும் ஏழையின் குடிலுக்குக் கிட்டுமா என்று எண்ணுவார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் லாரி பேக்கர். வீடுகளைக் காண்பதிலும் கட்டுவதிலும் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட பெரியார் அவர்.

அவர் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் நகரில் பிறந்தார். இளமையில் நண்பருடன் மிதிவண்டியேறி ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தார். 1937இல் கட்டடக்கலையில் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, படைக்கலம் ஏந்த விரும்பாது, மருத்துவத் தொண்டராகச் சீன நாட்டிற்குச் சென்றார். தாயகம் திரும்பும் வழியில், கப்பலை எதிர்நோக்கிப் பம்பாயில் தங்கியிருந்த நாள்களில் காந்தியடிகளைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. துணித் துண்டுகளால் தைக்கப்பெற்ற பேக்கரின் காலணி அடிகளின் கருத்தைக் கவர்ந்ததாம். ஒரு வீடு, அஃது அமையும் இடத்திற்கு ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பெறுதல் நன்று என்பது அடிகளின் கருத்து. அக்கருத்து இளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1945இல் அவர் இந்தியாவிற்கு மீண்டும் வந்தார். தொழுநோயாளருக்கான இல்லங்களை அமைக்கும் பணியை மேற்கொண்டார். 1948இல் மருத்துவராகிய எலிசபெத் ஜேக்கப் என்னும் கேரளப் பெண்மணியை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலிலுள்ள பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் தொண்டாற்றினர். கல்லூரியில் பேக்கர் கற்ற கல்வி அங்கே பயன்படவில்லை. சிமெண்டும் இரும்பும் அம்மலையூரில் கிடைப்பது அரிது. அவ்வூர் மக்களோ கல்லும் மண்ணும் மரமும் கொண்டு, குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளை வழிவழியாகக் கட்டி வாழ்ந்தனர். பட்டம் பெற்ற அறிஞர், எழுத்தறியாக் கொத்தரிடம் மாணவராக அமர்ந்தார். அவர் கற்ற பாடங்களுள் இதுவே தலையாயது எனலாம்.

1963இல் அவர் குடும்பம் கேரளத்திற்குப் பெயர்ந்தது. சில ஆண்டுகளில் திருவனந்தபுரத்தையே உறைவிடமாகக் கொண்டது. அங்கு அவர் பெரிதும் கையாண்டது 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறை. செங்கற்களைப் படுக்க வைத்து அடுக்குவது வழக்கம். இம்முறையிலோ, கற்களை விளிம்பின்மேல் நிறுத்திச் சுவரின் உட்புறம் ஒரு வரிசையும் வெளிப்புறம் ஒரு வரிசையும் வைத்து, இரண்டையும் குறுக்குக் கற்களால் பிணைப்பர். நடுவே வெற்றிடம் உண்டாகும். சுவரின் கனம் குறையாது. ஆயினும் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடத்தில் அடைபட்ட காற்று வெயிலின் வெம்மையை உள்ளே விடாது தடுக்கும். இம்முறை இங்கிலாந்தில் முன்பே வழங்கியதுதான். அதனைக் கேரளத்து எளியோர்க்குப் பயன்படுமாறு செய்தவர் பேக்கர்.

கூரையிலும் அவர் சிக்கனம் கண்டார். கான்கிரீட்டுத் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. கம்பிகளுக்கு இடையிலுள்ள கான்கிரீட்டுக்கு அங்கு அவ்வளவாக வேலையில்லை. ஆதலின், அவ்விடத்தில் கழித்துப்போட்ட மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சிமெண்டும் கம்பியும் குறைந்தன; தளத்தின் எடையும் குறைந்தது. மரச் சன்னலுக்குப் பொருள் மிகுதியாகச் செலவாகும் அன்றோ? செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, ஒளியும் காற்றும் புகும் சல்லடைச் சுவர்களை எழுப்பினார். காலை வெயில் அவற்றின் வழியே தரையில் இடும் கோலத்திற்கு எந்தச் சித்திரக் கம்பளமும் ஈடாகாது.

நிலத்தில் மரம் நின்றால் அதனை வெட்ட ஒருப்படார். சுவரையே வளைத்துச் செல்வார். பழைய உறைகளின் வெற்றுப் பக்கத்தில் வரைபடம் தீட்டுவார். நாள்தோறும் கொத்தருடன் நின்று வேலையை நடத்துவார். திருவனந்தபுரத்தில், தம்பானூருக்கு அண்மையில், அவர் அமைத்த காப்பி விடுதி இன்றும் காண்போரை நிற்க வைக்கிறது. செந்நிற உருளைபோன்ற அக்கட்டடத்தில் தளமே சுருள் சுருளாக மேலேறிச் செல்கிறது. ஏறும் வழியோரத்திலேயே உண்போர் அமர்கின்றனர்.

பூச்சில்லாத செங்கற் சுவரைக் கண்டு, 'வேலை முடியவில்லையோ?' என நகைத்தவரும் உண்டு. இத்தகைய சுவர் நிலைக்குமா என ஐயுற்ற பொறியாளரும் உண்டு. இம்முறைகளுக்குக் கைதேர்ந்த கொத்தரும் கண்ணுங்கருத்துமான மேற்பார்வையும் வேண்டும் என்பது உண்மையே. அவ்வாறு கொத்தரைப் பழக்கவும், குறைந்த செலவில் வீடு கட்டும் முறைகளைப் பரப்பவும், முன்னாள் முதலமைச்சர் அச்சுதமேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து 1985இல் 'காஸ்ட்போர்டு' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில், பாறை நிறைந்த செங்குத்தான சரிவொன்றில் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட இல்லத்தின் பெயர் 'ஹாம்லெட்'. சிற்றூர் என்பது அதன் பொருள். பாறையை உடைக்காமல், சரிவின் போக்கிலேயே அறைகள் ஏறி இறங்குகின்றன. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் செதுக்கு மரங்களும் உடைந்த ஓடுகளும் அங்கே புதுவாழ்வு பெற்றன. தேவை எழுந்தபோதெல்லாம் ஓர் அறையைச் சேர்த்துக்கொண்டே அவர் அங்கு வாழ்ந்தார். 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் அவ்வில்லத்திலேயே மறைந்தார்.