பனிமலையும் கண்ணாடித் தகடும்

நுழையும்முன்

ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு தேவைப்பட்ட காலத்தில், அத்தகடுகளைச் சுமந்துகொண்டு உலகின் உயர்ந்த பனிமலைகளுக்குச் சென்றவர் விட்டோரியோ செல்லா. அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்த பியெல்லா, கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு ஆலை நடத்திய குடும்பத்தில் 1859ஆம் ஆண்டு செல்லா பிறந்தார். தந்தை ஜுசெப்பே, ஒளிப்படக்கலை குறித்து 1856இல் இத்தாலிய மொழியில் நூல் இயற்றியவர். சிற்றப்பா குயின்டினோ, நாட்டின் நிதியமைச்சராக விளங்கியவர். 1863இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மன்றத்தைத் தோற்றுவித்தவர். ஒருவரது கலையும் மற்றவரது மலைப்பற்றும் செல்லாவிடம் ஒன்றுசேர்ந்தன.

அவர் இளைஞராக இருந்தபோது வழக்கிலிருந்த ஈரத் தகட்டு முறை மலைக்கு ஒவ்வாதது. கண்ணாடியில் வேதிப்பூச்சு பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் முடிக்க வேண்டும். ஆகவே, இருட்டுக் கூடாரத்தையும் வேதிப்பொருள்களையும் உடன் சுமக்க நேர்ந்தது. முன்கூட்டியே பூச்சிட்ட உலர் தகடுகள் வந்தபின் அத்தொல்லை நீங்கியது. ஆயினும், செல்லா எளிய சிறு கருவிகளை நாடவில்லை. 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உடைய தகடுகளையே தேர்ந்தார். தகடொன்று ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையுடையது. கருவியோ ஏறத்தாழ 18 கிலோ. பனியாற்றின் பிளவும் பாறையின் வரியும் ஐயமின்றித் தெரியப் பெரிய தகடே உதவும். அவை உடையாதிருக்க, விலங்குகளின் சேணங்களையும் முதுகுப்பைகளையும் தாமே திருத்தி அமைத்தார். அவரது கலையில் பாதி அச்சேணத்தில் இருந்தது என்றாலும் மிகையாகாது.

செல்லா தேர்ந்த மலையேற்ற வீரரும் ஆவார். 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தை 1882 மார்ச் மாதத்தில், குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறிக் கடந்தார். காக்கசஸ் மலைகளுக்கு மும்முறை சென்றார். 1899இல் டக்ளஸ் பிரெஷ்பீல்டு குழுவினருடன் கஞ்சன்ஜங்காவைச் சுற்றிவந்தார். அப்பயணத்தில் அவர் எடுத்த சினியோல்சு சிகரத்தின் படம் புகழ்பெற்றது. 1906இல் ஆப்பிரிக்காவின் ருவென்சோரி மலைக்குச் சென்றார். மூடுபனி விலகாத அம்மலையில் படமெடுக்கப் பொறுமையே முதல் கருவி.

1909இல் அப்ரூசி கோமகனின் குழுவோடு காரகோரம் மலைத்தொடரை அடைந்தபோது செல்லாவுக்கு ஐம்பது வயது நெருங்கியிருந்தது. 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 சிகரத்தின் தென்கிழக்கு முகட்டில் ஏற முயன்ற கோமகன், 6,000 மீட்டரைச் சற்றே கடந்த நிலையில் திரும்பினார். மலையேற்றக் கணக்கில் இது தோல்வி. ஆனால், செல்லா பனியாறுகளில் நின்று எடுத்த படங்கள் அம்மலையின் முகடுகளையும் சரிவுகளையும் உள்ளவாறு காட்டின. பின்வந்த குழுவினர் அவற்றை ஆராய்ந்தே வழி தேடினர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் செல்லாவின் படைப்புகளைப் போற்றி எழுதியுள்ளார்.

எழுபத்தாறாம் வயதில் செல்லா மீண்டும் மேட்டர்ஹார்னில் ஏற முயன்றார். வழிகாட்டி ஒருவர் விபத்தில் காயமுற்றதால் பாதியில் திரும்பினார். 1943இல் பியெல்லாவில் மறைந்தார். கோமகன் திரும்பிய அதே தென்கிழக்கு முகட்டின் வழியே, 1954 ஜூலை 31இல் இத்தாலியர் இருவர் கே2 சிகரத்தின் உச்சியை முதன்முதலாக அடைந்தனர்.