வாடிக்கையாளர் விரும்பிப் படிக்கும் மின்னஞ்சல் மடல்: சிறு தொழில் செய்வோருக்கு ஒரு பாடம்

குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் நிறைய. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் பெரிய வாகனத் தொழிற்சாலைகள். இவற்றை நம்பி நட்டு, போல்ட்டு, கையுறை, டிரில் பிட் விற்கும் கடைகளும் உண்டு. அப்படி ஒரு கடை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். கையில் 400 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. செலவில்லாத விளம்பரம்தானே என்று தினமும் ஒரு 'அதிரடி ஆஃபர்' அனுப்புகிறீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு பட்டறைக்காரர் போன் செய்கிறார்: "கொட்டேஷன் அனுப்புறேன்னு சொன்னீங்க, வரலையே சார்? வேற இடத்துல ஆர்டர் கொடுத்துட்டோம்." நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். அது அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தது.

ஏன் இப்படி ஆகிறது?

விளம்பரத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் நீங்கள் பயன்படுத்துவது ஒரே முகவரி. எரிச்சலடைந்த சிலர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினால், அந்த முகவரியின் நம்பகத்தன்மை குறைகிறது. அதன்பின் அவசியமான கடிதமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம்.

கூகுள், யாகூ நிறுவனங்கள் 2024 பிப்ரவரி முதல் இதற்கான விதிகளைக் கடுமையாக்கின. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். அதாவது 1,000 மடலுக்கு 3 புகார். உங்கள் 400 பேரில் 2 பேர் அழுத்தினாலே கணக்கு 0.5 சதவீதம் ஆகிவிடும்!

இது புதுப் பிரச்சினையும் அல்ல. 1978 மே மாதம் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனம், ஆர்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்குக் கேட்காமலே விளம்பரம் அனுப்பியது. கண்டனங்கள் குவிந்தன.

பாடம் 1: கேட்டு அனுப்புங்கள்

பில் போடும்போது முகவரி வாங்கியதாலேயே விளம்பரம் அனுப்ப அனுமதி கிடைத்துவிடாது. "மாதம் ஒருமுறை விலை, சரக்கு விவரம் அனுப்பட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தரும் ஒப்புதல் தெளிவாக இருக்க வேண்டும், கொடுத்த அதே எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது.

பாடம் 2: அவருக்கு என்ன பயன்?

மடல் எழுதும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் போகும் பராமரிப்புப் பொறியாளர் அதை போனில் திறக்கிறார். அவருக்கு வேண்டியது உங்கள் கடையின் பெருமை இல்லை. எந்தச் சரக்கு வந்திருக்கிறது, எதன் விலை மாறுகிறது, ஆயுத பூஜைக்குக் கடை எத்தனை நாள் மூடியிருக்கும், இவைதான். கூடவே ஒரு சின்னக் குறிப்பு, உதாரணமாக எந்த வேலைக்கு எந்தக் கையுறை சரி என்று சொன்னால், அடுத்த மடலையும் திறந்து பார்ப்பார்.

பாடம் 3: தலைப்பிலேயே விஷயம்

வேண்டாம்: "அன்பான வாடிக்கையாளரே! நம்ப முடியாத சலுகை!!!"

வேண்டும்: "எம்8 போல்ட்டு விலை திங்கள் முதல் மாறுகிறது"

போன் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். முக்கியமானதை முன்னால் வையுங்கள். உள்ளே இருப்பதையே தலைப்பில் சொல்லுங்கள். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை திறக்க மாட்டார்.

பாடம் 4: சொன்ன நாளில், சொன்ன அளவு

மாதம் ஒன்று என்று சொல்லிவிட்டு வாரம் மூன்று அனுப்பாதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லாத மாதம் இரண்டே வரி போதும்.

பாடம் 5: வெளியேற வழி

கடைசியில் "இந்த மடல் வேண்டாம் என்றால் இங்கே தட்டவும்" என்ற இணைப்பு கண்ணில் படும்படி இருக்கட்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோரின் விளம்பர மடல்களில் ஒரே தட்டலில் விலகும் வசதி கட்டாயம். உங்களுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் வையுங்கள். விலகுகிறவர் நாளைக்குக் கடைக்கு வருவார். வழி தெரியாமல் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறவரால்தான் நஷ்டம்.

அனுப்பும் முன் சரிபார்க்க

• எல்லா முகவரிகளையும் 'டு' பெட்டியில் போடாதீர்கள். ஒருவர் முகவரி மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். 'பி.சி.சி.' பெட்டியில் போடுங்கள், அல்லது மொத்த மடல் அனுப்பும் சேவையைப் பயன்படுத்துங்கள்.

• இலவச ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும்.

• சொந்த இணைய முகவரி இருந்தால், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்றையும் அமைத்துத் தரும்படி உங்கள் இணையதளத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு இவை அத்தாட்சி.

• முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, போனில் திறந்து பாருங்கள்.

பயிற்சி

கடைசியாக நீங்கள் அனுப்பிய மடலை இப்போது எடுங்கள். உங்கள் கடைப் பெயரை மறைத்துவிட்டு, ஒரு வாடிக்கையாளராகப் படியுங்கள். அதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு வரியாவது இருக்கிறதா? இருந்தால் அந்த வரியை மேலே கொண்டுவாருங்கள். இல்லையென்றால், இந்த மாதம் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினாலே போதும்.