பீட்ரூட்டிலும் சர்க்கரை!

சர்க்கரை என்றதும் நம் நினைவுக்கு வருவது கரும்பே. ஆனால் குளிர்நாடுகளில் கரும்பு விளையாது. அங்கே, நாம் பொரியல் செய்யும் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்த ஒரு வெண்ணிறக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிறார்கள்.

1747-ல் ஜெர்மானிய அறிஞர் மார்கிராஃப், இக்கிழங்கில் இருப்பதும் கரும்பிலுள்ள அதே சர்க்கரைதான் எனக் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் 1802-ல் சைலீசியாவில் முதல் ஆலையை இயக்கினார். போரினால் கரும்புச் சர்க்கரை வரத்துக் குறையவே, 1811-ல் நெப்போலியன் பிரான்சில் இதைப் பயிரிட ஆணையிட்டார்.

கிழங்கை மெல்லிய சீவல்களாக்கி வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பு நீரில் இறங்கும். அந்தச் சாற்றைச் சுண்ணாம்பால் தெளிவித்துக் காய்ச்சினால் சர்க்கரை படிகமாகும்.

நம் நாட்டில் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் ஆலை முன்பு கரும்போடு பீட்டிலிருந்தும் சர்க்கரை தயாரித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வெப்பநாட்டு ரகங்களைப் பயிரிட்டு ஆராய்ந்தது. கரும்பு விளைய 10 முதல் 12 மாதங்கள் ஆகும். இதற்கு 5 அல்லது 6 மாதங்கள் போதும். தண்ணீரும் குறைவாகவே வேண்டும்.

வானம் பார்த்த பூமியான நம் காரியாபட்டிக்கு இது நல்ல செய்தியல்லவா? ஆயினும் தோண்டிய கிழங்கு நம் வெயிலில் விரைவில் கெட்டுவிடும். அருகில் ஆலை இல்லையேல் உழவர் பாடு வீணாகும். ஆகவே ஆலையும் பயிரும் ஒன்றாக வந்தால்தான் பயன் உண்டு என்பதை நாம் உணர வேண்டும்.