இறுதி நூறு அடி: அடுக்ககமாக மாறும் கட்டடங்களில் தொலைபேசி, இணையத் தடங்கள்

2015-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், தேசிய ஒளியிழைக் கட்டமைப்பில் இணைக்கப்பெற்ற நாட்டின் முதல் மாவட்டம் என்னும் சிறப்பை இடுக்கி பெற்றது. மலையும் காடும் தேயிலைத் தோட்டங்களும் நிறைந்த ஒரு மாவட்டத்தின் ஊராட்சி அலுவலகங்களுக்குக் கண்ணாடியிழை சென்று சேர்ந்தது சிறிய செயலன்று. பின்னர், 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன் திட்டம், மின்கம்பங்களின் வழியாக இழையைத் தெருக்களுக்கு அருகே கொணர்ந்தது. ஆயினும், கம்பம் வரை வந்த இழை வீட்டினுள் செல்ல வழி உண்டா என்பது வேறு கேள்வி. எஞ்சியுள்ள அந்த நூறு அடியைப் பெரும்பாலும் முடிவு செய்வது தொலைத்தொடர்பு நிறுவனமன்று. கட்டடத்தின் அமைப்பே ஆகும்.

பழைய கட்டடம், புதிய குடியிருப்பு

தமிழகத்தை ஒட்டியுள்ள பாலக்காட்டின் வாளையாறு, கஞ்சிக்கோடு, சித்தூர் பகுதிகளிலும், இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், குமுளி பகுதிகளிலும் வாடகை வீட்டுக்கான தேவை பல வகையினரிடமிருந்து எழுகிறது. தொழிற்பேட்டை ஊழியர், ஆசிரியர், அரசு அலுவலர், தோட்டப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் எனப் பலரும் வீடு தேடுகின்றனர். கஞ்சிக்கோட்டில் வெளி மாநிலத் தொழிலாளர் 620 பேர் தங்குவதற்கான ‘அப்னா கர்’ விடுதி 2019-இல் திறக்கப்பட்டது இத்தேவைக்கு ஒரு சான்று.

மலைச்சரிவில் புதிய அடித்தளம் இடுவது செலவும் இடரும் மிக்கது. எனவே, பழைய பங்களா, கிடங்கு, விடுதி, கடைக்கட்டடம் ஆகியவற்றைத் தடுத்துப் பல வீடுகளாக்குவது சிக்கனமான வழியாகும். இவ்வாறு மாற்றும்போது உரிமையாளரின் கவனம் குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றின் மீது செல்வது இயல்பு. தொலைபேசியும் இணையமும் குடியேறியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுகின்றன. பிழை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு முறையே திறக்கும் சுவர்

கட்டடத்தை மாற்றியமைக்கும் காலத்தில், மின்கம்பிகளுக்காகச் சுவர் எப்படியும் வெட்டப்படுகிறது. அவ்வேளையில் மற்றொரு குழாயைப் பதிப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு, குழாயின் விலையும் சிறிதளவு கூலியுமே. பூச்சும் வண்ணமும் முடிந்தபின் அதே வேலையைச் செய்தால், வெட்டுதல், மறுபூச்சு, வண்ணம், குடியிருப்போரின் இடையூறு ஆகிய அனைத்தும் சேர்கின்றன. அச்செலவுக்கு அஞ்சுவோர் சன்னல் வழியாகவும் கூரை மீதாகவும் வடங்களை இழுக்கின்றனர். தென்மேற்குப் பருவமழையும் காற்றும் வீசும் மலைநாட்டில் அத்தகைய வடம் நெடுநாள் தாங்குவதில்லை.

செலவு செய்பவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர் என்பது இதிலுள்ள பொருளாதாரச் சிக்கலாகும். குழாய்க்குப் பணம் தருபவர் உரிமையாளர். அது இல்லாத குறையை அனுபவிப்பவர் வாடகைதாரர். இரண்டாவது சிக்கல் தனியுரிமை. குழாய்த் தடம் இல்லாத கட்டடத்தில் முதலில் வரும் நிறுவனம் தன் செலவில் வடம் பதித்து, அவ்வழியைத் தனதாக்கிக் கொள்ளக்கூடும். பின்னர் வரும் நிறுவனத்திற்கு இடமில்லை. குடியிருப்போருக்குத் தேர்வும் இல்லை. ஆகவே, தடம் கட்டடத்தின் பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும். மாடிப்படி எவ்வாறு அனைவர்க்கும் பொதுவோ, அவ்வாறே இதுவும்.

தடத்தின் ஐந்து பகுதிகள்

முதலாவது, நுழைவு. தெருவிலிருந்து நிலத்தடியில் இரண்டு குழாய்கள் வரவேண்டும். ஒன்று பயனுக்கு, மற்றது இருப்புக்கு. மழைநீர் உட்புகாதவாறு அவை வெளிப்புறம் நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் நலம்.

இரண்டாவது, இணைப்பு அறை. தரைத்தளத்தில், ஊற்றுநீர் கசியாத இடத்தில், பூட்டும் காற்றோட்டமும் மின்னிணைப்பும் நில இணைப்பும் கொண்ட சிறிய அறை போதும். சரிவில் அமைந்த கட்டடங்களில் மண்ணை ஒட்டிய பின்சுவரைத் தவிர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, செங்குத்துத் தடம். ஒவ்வொரு தளத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் இத்தடம் மின்கம்பிகளின் தடத்திலிருந்து பிரிந்திருத்தல் வேண்டும். தளங்களைத் துளைத்துச் செல்லும் இடங்களைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்காவிட்டால், கீழே பற்றிய தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏற இத்துளைகளே வழியாகிவிடும்.

நான்காவது, வீட்டுக்குச் செல்லும் கிளை. ஒவ்வொரு வீட்டுக்கும் 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்று தனியே செல்லவேண்டும். இரு பெட்டிகளுக்கு இடையே செங்கோண வளைவுகள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது. குழாயின் உட்பரப்பில் 40 விழுக்காட்டிற்கு மேல் வடங்களால் நிரப்பாமல், இழுப்புக் கயிறு ஒன்றை உள்ளே விட்டுவைத்தால், பிற்காலத்தில் சுவரைத் தொடாமலே வடத்தை மாற்றலாம்.

ஐந்தாவது, வீட்டின் உட்பகுதி. வாசலருகே அமையும் பெட்டியிலிருந்து முதன்மையான அறைகள் ஒவ்வொன்றுக்கும் ‘கேட்-6’ வகைச் செம்பு வடம் செல்லுதல் வேண்டும். இவ்வடம் 100 மீட்டர் வரை நன்கு பயன்படும். எந்த வீட்டுக்கும் அது போதுமானது. கம்பியில்லா வைஃபை இருக்க வடம் எதற்கு என்று வினவலாம். பழைய தோட்டக் கட்டடங்களின் தடித்த கருங்கற் சுவர்கள் வைஃபை அலைகளைப் பெரிதும் தடுக்கின்றன. வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேலும் விரைவில் வலுவிழக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

மூன்று தளங்களையுடைய ஒரு பழைய விடுதி, தளத்திற்கு நான்காக 12 வீடுகளாக மாற்றப்படுவதாகக் கொள்வோம். வீட்டுக்கு இரண்டு இழைகள் வீதம் 24 இழைகள் தேவை. ஒன்று பழுதுபட்டாலோ, குடும்பம் வேறு நிறுவனத்தை நாடினாலோ இரண்டாவது இழை உதவும். இணைப்பு அறையில் 16 கிளைகள் கொண்ட ஒளிப்பிரிப்பான் ஒன்றை வைத்தால், வெளியிலிருந்து வரும் ஒரே இழை 12 வீடுகளுக்கும் போதும். நான்கு கிளைகள் இருப்பாக நிற்கும். கட்டடத்தினுள் கூர்மையான திருப்பங்கள் மிகுதியாதலால், வளைவைத் தாங்கும் வகை இழையையே தேர்தல் வேண்டும். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாதாகையால், செம்புக் கம்பி வழியாக இடிமின்னல் கருவிகளைத் தாக்கும் இடரும் குறைகிறது.

மின்சாரம் நின்றபோது

முற்காலத் தொலைபேசிக்கு ஒரு சிறப்பு இருந்தது. தொலைபேசி நிலையத்தின் மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் செம்புக் கம்பி வழியாகவே வந்ததால், வீட்டில் மின்சாரம் நின்றாலும் தொலைபேசி பேசியது. கண்ணாடியிழையில் அந்த வசதி இல்லை. வீட்டிலுள்ள இழைக்கருவிக்கு மின்சாரம் நின்ற கணமே தொலைபேசியும் நின்றுவிடும்.

இது சிறிய குறை என்று கருதிவிட இயலாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மீது மலை சரிந்தது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்த அந்த இரவின் செய்தி வெளியுலகை எட்டியபோது மறுநாட் காலை ஆகிவிட்டது. 70 உயிர்கள் பறிபோயின. அவருள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. சுவரில் பதித்த குழாய் நிலச்சரிவைத் தடுத்துவிடாது. எனினும், மலைநாட்டில் தொலைத்தொடர்பைத் திட்டமிடுவோர் மின்தடையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இதற்கான ஏற்பாடு அரியதன்று. இழைக்கருவி சுமார் 10 வாட் மின்சாரமே கொள்ளும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று அதனை ஐந்தாறு மணி நேரம் இயக்கும். இணைப்பு அறையில் மின்னிணைப்புக் கருவிகள் இருப்பின் அவற்றிற்குப் பொதுவான மின்கலத் தொகுதி வேண்டும். பராமரிப்புச் செலவைக் குடியிருப்போர் பகிர்ந்துகொள்ளலாம்.

சட்டமும் நெறியும்

ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பிறப்பித்த நெறியாணை, புதிய கட்டடங்களில் மட்டுமன்றிப் பெருமளவில் புதுப்பிக்கப்படும் கட்டடங்களிலும் அதிவேக இணைப்புக்கான உட்தடம் இருத்தல் வேண்டும் என்றது. சுவர் திறந்திருக்கும் காலத்தின் அருமையை அது அறிந்திருந்தது எனலாம். இந்தியாவில், 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தகவல் தொடர்பு அமைப்புகளுக்கெனத் தனிப் பிரிவை ஒதுக்கியது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபரில், கட்டடங்களை அவற்றின் இணைப்பு வசதிக்கேற்பத் தரவரிசைப்படுத்தும் விதிமுறைகளை வெளியிட்டது. வீடு தேடும் குடும்பம் தண்ணீர் வசதியை விசாரிப்பதுபோல் இதனையும் விசாரிக்கத் தொடங்குமாயின், உரிமையாளரின் முதலீட்டிற்கு வாடகையிலேயே பலன் கிட்டும்.

2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 2020 ஜூன் 1 அன்று, பள்ளிகள் மூடியிருந்த நிலையில் மாநிலத்தின் வகுப்புகள் தொலைக்காட்சி வழியாகவும் இணைய வழியாகவும் தொடங்கின. தோட்டப்பகுதிப் பிள்ளைகள் சிலர் அலைபேசிக்கு அலை கிடைக்கும் மேடு தேடி நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தது. உரிமை என்பது ஏட்டில் நின்றுவிடாமல் வீட்டுக்குள் வருவதற்குத் தடம் வேண்டும்.

செய்யத்தக்கவை

கட்டடத்தை மாற்ற முனையும் உரிமையாளர், மின் வரைபடத்துடன் தொலைத்தொடர்பு வரைபடத்தையும் வரைந்து, பணி முடிந்தபின் உள்ளபடி திருத்தி, படியொன்றை இணைப்பு அறையில் வைத்தல் வேண்டும். உள்ளாட்சி மன்றத்தின் பொறியாளர் மாற்றத்திற்கான விண்ணப்பத்தை ஆராயும்போது, குழாய்த் தடம் காட்டப்பட்டுள்ளதா என்று கேட்கலாம். அக்கேள்விக்கு அரசுக்கு ஒரு செலவும் இல்லை. குடியிருப்போர் சங்கம், தடத்தை எந்த நிறுவனத்திற்கும் தனியுரிமையாக எழுதித் தராதிருத்தல் வேண்டும்.

நெடுந்தொலைவு இழைக்கு அரசு பெரும் பொருள் செலவிட்டுள்ளது. அம்முதலீட்டின் முழுப்பயனும் மக்களைச் சேர்வது, பூச்சு வேலைக்கு முன் பதிக்கப்படும் சில மீட்டர் குழாயைப் பொறுத்துள்ளது.